கம்பி போட்டவன் வைத்ததே சட்டமா?

ஊருக்கு நல்லது செய்ய ஊரே முன்வருகிறது. அண்டை ஊரார், "எங்களுக்கும் தாருங்கள்" என்று அழைக்கிறார்கள். கொடுக்கக் கூடாது என்று குறுக்கே நிற்கிறது ஒரு சட்டம்! தங்கு தடையற்ற போட்டியே தாரக மந்திரம் என்று உலகுக்கெல்லாம் உபதேசம் செய்யும் அமெரிக்காவிலே, டென்னசி மாநிலத்திலே நடந்த கதை இது.

சாட்டனூகா, டென்னசி ஆற்றங்கரையில் உள்ள தொழிலாளர் நகரம். இரயில் பாதைகளும் இரும்பு வார்ப்பாலைகளும் வளர்த்த ஊர். அமெரிக்காவிலேயே காற்று மிகவும் கெட்ட நகரம் என்று 1969இல் பெயர் வாங்கியது. பிறகு ஆலைகள் பல மூடப்பட்டன. புகை குறைந்தது, கூடவே பிழைப்பும் குறைந்தது.

ஆனால் அந்த ஊருக்கு ஒரு சொத்து உண்டு. 1935இல் அமைந்த ஈ.பி.பி. என்ற நகர மின் வாரியம் அது. பங்கு போட்டு இலாபம் தின்னும் முதலாளி அதிலே இல்லை. ரூஸ்வெல்ட் ஆட்சி 1933இல் நிறுவிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்திடம் மின்சாரம் வாங்கி, வீடுகளுக்கு வழங்குவது அதன் வேலை. "பொதுத்துறை மின்சாரம் விற்பதா?" என்று அந்த நாளிலேயே தனியார் மின் கம்பெனிகள் கூக்குரலிட்டன, உச்சநீதிமன்றம் வரை சென்றன, 1939இல் தோற்றன. அந்தக் கூக்குரல்தான் எழுபது ஆண்டுகளுக்குப் பின், இணையத்தின் பேரால் மறுபடி எழுந்தது.

வீட்டுக்கு வீடு வேகமான இணையம் ஏன் தானாக வந்து சேர்வதில்லை? காரணம் எளிது. தெருவைத் தோண்டிக் கம்பி புதைக்கும் செலவு மிகப் பெரிது. முதலில் கம்பி போட்ட கம்பெனி தெரு முழுவதையும் வாடிக்கையாக்கிக்கொள்கிறது. இரண்டாவதாக வருபவனுக்கும் அதே செலவு. ஆனால் பாதி வீடுகள் கிடைத்தாலே பெரிது. எனவே அவன் வருவதில்லை. போட்டிக்கு ஆளில்லாத கடைக்காரன் சரக்கை ஏன் உயர்த்துவான்? விலையை ஏன் குறைப்பான்?

இந்த முடிச்சைத்தான் மின் வாரியம் அவிழ்த்தது. கம்பமும் அதனுடையது, கம்பி செல்லும் வழியும் அதனுடையது. புயலில் மின்கம்பி அறுந்தால், பழுதான இடத்தை மட்டும் தானாகத் துண்டித்துவிட்டு, மற்ற வீடுகளுக்கு வேறு வழியில் மின்சாரம் அனுப்பும் ஏற்பாடு அதற்குத் தேவைப்பட்டது. அந்த ஏற்பாட்டுக்குக் கண்ணாடி இழை வேண்டும். மின்சாரத்தைக் காக்கப் போடும் இழையே வீட்டுக்கு இணையத்தையும் கொண்டு செல்லட்டுமே! ஒரே செலவு, இரட்டைப் பயன்.

கேபிள் கம்பெனிகள் சும்மா இருக்குமா? வழக்குத் தொடுத்தன. வழக்குகள் நிற்கவில்லை. கடன் பத்திரம் வெளியிட்டும், வாஷிங்டன் ஆட்சி அளித்த சுமார் 11 கோடி டாலர் உதவியைக் கொண்டும் வேலை முடிந்தது. 2010இல், விநாடிக்கு 4 மெகாபிட் கிடைத்தாலே அது பிராட்பேண்ட் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் இலக்கணம் வகுத்திருந்தது. அதே ஆண்டிலே சாட்டனூகா வாரியம் 1,000 மெகாபிட் தந்தது! பணக்காரர் பகுதிக்கு மட்டுமல்ல. சுமார் 600 சதுர மைல் பரப்பில், தான் மின்சாரம் தரும் வீடுகள் அனைத்துக்கும். தொடக்கத்தில் மாதம் 350 டாலர் என்றிருந்த கட்டணம் 2013இல் சுமார் 70 டாலராக இறங்கியது. 2015இல் போட்டிக் கம்பெனியும் தன் வேகத்தை உயர்த்த முன்வந்தது. ஊரார் கம்பி வந்த பிறகுதான் கம்பெனிக்கு வேகம் வந்தது!

பக்கத்துக் கிராமத்தார் இதைக் கண்டார்கள், கேட்டார்கள். ஆனால், மின்சாரம் தரும் எல்லையைத் தாண்டி நகர மின் வாரியங்கள் இணையம் தரலாகாது என்கிறது மாநிலச் சட்டம். 2015 பிப்ரவரியில் தகவல்தொடர்பு ஆணையம் 3க்கு 2 என்ற வாக்கில் அந்த வேலியைத் தகர்த்தது. 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தைத் தள்ளிவிட்டது. மக்களுக்கு விளையும் நன்மையை நீதிமன்றம் மறுக்கவில்லை. மாநிலச் சட்டத்தை மீறும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்றுதான் சொன்னது. 2017இல் மாநில ஆட்சி கிராமப்புற இணையத்துக்கென மானியச் சட்டம் கொண்டுவந்தது. மின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வழி திறந்தது. அப்போதும் நகர வாரியங்களின் வேலியை மட்டும் எடுக்கவில்லை. கையில் இழையோடு பக்கத்தில் நிற்பவனைத் தடுத்துவிட்டு, தூரத்தில் இருப்பவனுக்கு வரிப்பணத்தில் மானியம்! இதுவா சிக்கனம்?

"பொதுத்துறை தோற்ற இடங்களும் உண்டே" என்பார்கள். உண்டு. யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ நகரம் சுமார் 3 கோடியே 90 லட்சம் டாலர் கடன்பட்டுக் கட்டிய இணையப் பின்னல், 2013இல் கூகுள் கம்பெனிக்கு ஒரே ஒரு டாலருக்குப் போயிற்று. கடன் ஊரார் தலையில் நின்றது. ஆனால் அந்தக் கதையையும் முழுதாகப் பார்க்க வேண்டும். வீடுகளுக்கு நேரடியாக விற்பதற்கு அந்த மாநிலச் சட்டம் முட்டுக்கட்டைகள் போட்டிருந்தது. நகரம் மொத்தமாகக் கொடுத்தது. இடையில் நின்ற கம்பெனிகள் சில்லறையில் விற்றன. கடன் நகரத்துக்கு, வாடிக்கைக்காரர் வேறொருவருக்கு என்றால் கணக்கு எப்படி நேராகும்? பொதுச் சொத்து என்ற பெயர் மட்டும் போதாது. திட்டமும் திறமையும் தன் கணக்கைத் தானே பார்க்கும் உரிமையும் வேண்டும் என்பதே ப்ரோவோ கற்பிக்கும் பாடம். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

2020இல் கொள்ளை நோய் பள்ளிகளைப் பூட்டியபோது, சாட்டனூகாவில் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் சுமார் 28,000 பேருக்கு இலவச இணையம் தரும் திட்டம் பிறந்தது. வாரியத்தின் இழை ஏற்கெனவே தெருவில் இருந்ததால்தான் அது கைகூடிற்று. வேலிக்கு அப்பால் இருந்த பிள்ளைகள் செய்த குற்றம் என்ன?

எல்லா ஊரும் தானே கம்பி போட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கம்பெனி நல்ல சரக்கை நியாய விலைக்குத் தந்தால் மக்கள் அதையே வாங்கட்டும். ஆனால் தாமும் தரமாட்டோம், தருபவனையும் விடமாட்டோம் என்பது வியாபாரமல்ல, வழிமறிப்பு. வழிமறிப்புக்குச் சட்டசபை காவல் நிற்கலாமா? தெரு மக்களுடையது. அதில் எந்தக் கம்பி ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் மக்களுடையதே!