காகிதமும் வேண்டும், காட்ட வேலையும் வேண்டும்: வீடியோ எடிட்டர்களின் கோரிக்கைச் சாசனம்

சாலிகிராமத்திலும் வடபழனியிலும் சீரியல், கல்யாண வீடியோ, யூடியூப், விளம்பரம் என்று வந்ததையெல்லாம் எடிட் செய்து பிழைக்கிறவர்கள் நாங்கள். பயிற்சி மையங்கள், வேலை கொடுப்பவர்கள், மென்பொருள் நிறுவனங்கள், அரசு ஆகிய நால்வருக்கும் இதை முன்வைக்கிறோம்.

சான்றிதழே வேண்டாம் என்பது எங்கள் கட்சி அல்ல. சிபாரிசுக்கு ஆளில்லாமல் வெளியூரிலிருந்து வருபவரை அது நேர்காணல் வரை கொண்டுபோய்விடும். பெரிய கம்பெனிகளில் விண்ணப்பத்தை முதலில் புரட்டுபவர் எடிட்டர் அல்ல. அவருக்குக் காகிதம்தான் தெரியும். எடிட் சூட்டில் கதை வேறு. புட்டேஜைக் கொடுத்து, சாயங்காலத்துக்குள் ரஃப் கட் கேட்பார்கள். மென்பொருள் தேர்வுகள் பெரும்பாலும் கருவி தெரியுமா என்றுதான் பார்க்கின்றன. ஒரு ஷாட்டை எங்கே விட வேண்டும் என்பது அவற்றுக்குள் அடங்காது. பல தேசிய விருதுகள் வாங்கிய எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத் கல்லூரியில் படித்தது இலக்கியம். தொழில் கற்றது எடிட்டரான தந்தையிடம்.

பயிற்சி மையங்களிடம்தான் எங்கள் முதல் வழக்கு. பிரீமியர் புரோ சொல்லிக்கொடுத்துவிட்டு மையமே அச்சடித்துத் தரும் தாள், அடோபியின் சான்றிதழ் ஆகாது. அடோபியினுடையதற்குத் தனித் தேர்வு, தனிக் கட்டணம். அதுவும் 3 ஆண்டுகளுக்கே செல்லும். இதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் சொல்லுங்கள். டாவின்சி ரிசால்வில் ஒரு பதிப்பும், அதற்கான பயிற்சிப் புத்தகங்களும் இலவசம் என்பதையும் மறைக்காதீர்கள். ‘100 சதவீத வேலை உறுதி’ என்ற விளம்பரத்தை இன்றே இறக்குங்கள். (உறுதி என்றால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?)

வேலை கொடுப்பவர்களே, முதலில் ஷோரீலைப் பாருங்கள், சான்றிதழைப் பிறகு கேளுங்கள். டெஸ்ட் எடிட் வாங்கினால் கூலி கொடுங்கள். டெஸ்ட் என்று வாங்கியதைச் சத்தமில்லாமல் சேனலில் ஏற்றுவது திருட்டு.

மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு பழைய நினைவூட்டல்: 2011-இல் ஆப்பிள் ஃபைனல் கட் புரோ எக்ஸை வெளியிட்டபோது, பதிப்பு 7-இல் செய்த புராஜெக்ட்டுகள் அதில் திறக்கவில்லை. நீங்கள் கருவியை மாற்றும்போது செலவு எங்கள் தலையில் விடியக் கூடாது. சான்றிதழைப் புதுப்பிக்கும் தேர்வு இலவசமாக வேண்டும். தேர்வைத் தமிழிலும் எழுத வழி வேண்டும்.

அரசு, ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியே இத்தேர்வுகளின் கட்டணத்தை ஏற்க வேண்டும். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில், வேலையில் இருக்கும் எடிட்டர்களுக்கு வார இறுதி வகுப்புகள் வேண்டும்.

சேர நினைக்கும் தம்பி தங்கைகளே, பணம் கட்டுமுன் அந்த மையத்தில் படித்து இன்று எடிட்டராகச் சம்பளம் வாங்கும் இரண்டு பேரிடம் பேசுங்கள். அப்படி ஆளைக் காட்ட முடியாத இடத்தில் சேராதீர்கள்.