பூட்டிய அலுமாரியில் ஜாஸ் இசை

நியூ ஓர்லியன்ஸ் நகரின் கோர்னெட் கலைஞர் ஃபிரெடி கெப்பார்டைப் பற்றி ஜாஸ் இரசிகர்களிடையே நெடுங்காலமாக ஒரு கதை வழங்கி வருகிறது. 1916ஆம் ஆண்டளவில் விக்டர் நிறுவனம் அவரது குழுவை ஒலிப்பதிவுக்கு அழைத்ததாகவும், தட்டில் கேட்டால் பிறர் தமது வாசிப்பைக் களவாடிவிடுவர் என்று அஞ்சி அவர் மறுத்துவிட்டதாகவும் சொல்வர். மேடையில் வாசிக்கும்போது விரல்களைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வாராம். இதில் எவ்வளவு உண்மை என்பது வேறு விடயம். ஆனால் 1917 பெப்ரவரி 26இல் நியூயோர்க்கில் பதிவாகி, முதலாவது ஜாஸ் இசைத்தட்டு என்று வரலாற்றில் இடம் பிடித்துக்கொண்டது வெள்ளையர் ஐவரின் தட்டு. கறுப்பின மக்கள் படைத்த இசையின் முதற் தட்டில் அவர்களுடைய மூச்சு இல்லை.

இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சிலரைக் காணும்போது அந்தக் கைக்குட்டை எனக்கு நினைவுக்கு வரும். அரிய தட்டு கைவசம் உண்டு என்பார்கள். முதற் பதிப்பு என்பார்கள். இன்று என்ன விலை போகும் என்பதையும் சொல்வார்கள். போட்டுக் காட்டுங்கள் என்றால் பேச்சு மாறிவிடும்.

இப்படிப் பூட்டி வைப்பதன் விலை என்ன என்பதற்கு பில் சேவரியின் கதையைவிடச் சிறந்த சான்று இல்லை. 1930களின் பிற்பகுதியில் நியூயோர்க்கில் ஒலிப்பதிவுப் பொறியியலாளராக இருந்தவர் அவர். அக்காலத்துச் சாதாரண தட்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். சேவரியோ வானொலியில் நேரடியாக ஒலித்த நிகழ்ச்சிகளைப் பெரிய தட்டுகளில் பதிவு செய்தார். கவுண்ட் பேஸி, லெஸ்டர் யங், கோல்மன் ஹோகின்ஸ் போன்றோர் நேரக் கட்டுப்பாடின்றி வாசித்தவை அவற்றில் இருந்தன. அவற்றுள் மிகச் சிலவே வெளிவந்தன. எஞ்சியவை பெட்டிகளில் கிடந்தன. கேட்க விரும்பிக் கேட்டவர்களுக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. 2004இல் அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்தே, ஹார்லெமில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்தின் கைக்கு ஏறத்தாழ ஆயிரம் தட்டுகள் வந்து சேர்ந்தன. அதற்குள் ஒரு பகுதி மீட்க முடியாதபடி சிதைந்திருந்தது. அந்தத் தட்டுகளில் இருந்ததை இனி எவரும் கேட்கப் போவதில்லை. சேமித்தவரும் அவரே, இழக்கச் செய்தவரும் அவரே.

சேகரிப்பாளர் என்ற இனத்தையே குறை சொல்வது என் நோக்கமன்று. ஜாஸ் வரலாற்றை எழுதி வைத்தவர்களே அவர்கள்தான். யார் எந்த வாத்தியத்தை வாசித்தார், எந்த நாளில், எந்த ஊரில் என்று தேடித் தொகுத்து, 1936இல் சார்ள்ஸ் டெலோனே பரிசில் வெளியிட்ட நூல் ஒரு துறைக்கே அடித்தளமாயிற்று. நியூயோர்க்கில் மில்ட் கேப்ளர் தமது கொமடோர் கடையிலிருந்து, பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பழைய தட்டுகளை மறுபதிப்புச் செய்து, பக்கவாத்தியக்காரரின் பெயரையும் அச்சிட்டார். ஜேர்மனியில் பிறந்த அல்பிரட் லயன் வெறும் இரசிகர். தாம் விரும்பிய இரு பியானோ கலைஞர்களை 1939 ஜனவரியில் பதிவு செய்து புளூ நோட் நிறுவனத்தைத் தொடங்கினார். தமக்குப் பிடித்ததைப் பிறரும் கேட்க வேண்டும் என்ற தவிப்பு இவர்களை விடவில்லை.

நிறுவனங்களின் களஞ்சியங்களை நம்பி நாம் சும்மா இருந்துவிடவும் முடியாது. மங்க் - கோல்ட்ரேன் இணை 1957 நவம்பரில் கார்னெகி மண்டபத்தில் வாசித்த நாடா, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலேயே பெயர் தெரியாமல் கிடந்து 2005இல்தான் அகப்பட்டது. 2008 ஜூனில் ஹொலிவூட்டின் யுனிவர்சல் வளாகத்தில் தீ பரவியபோது மூல ஒலிநாடாக்களும் அழிந்தன. எத்தனை என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு, ஒரே கூரையின் கீழ் இருப்பதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

பகிர்வதிலும் முறை உண்டு. 'மிகச் சிறந்த நூறு' என்று பட்டியல் அனுப்புவது பகிர்வாகாது. அப்படி அனுப்பப்படும் எல்லாப் பட்டியல்களின் தலையிலும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' (1959) இருக்கும். அருமையான தட்டுத்தான், மறுப்பில்லை. ஆனால் கேட்பவரின் காதை அறிந்து ஒரே ஒரு தட்டை, ஒரு காரணத்தோடு கொடுப்பதே பயன் தரும்.

கர்நாடக இசையில் ஊறிய நண்பருக்கு நான் கொடுப்பது அலிஸ் கோல்ட்ரேனின் 'ஜேர்னி இன் சச்சிதானந்தா' (1971). தம்புராவின் சுருதி விரிந்திருக்க, அதன்மேல் யாழ்போன்ற ஹார்ப்பும் பேரோ சான்டர்ஸின் சக்ஸபோனும் வரும்போது அவருக்கு வழி தானே திறக்கும். தலைப்பில் உள்ள சுவாமி சச்சிதானந்தர் கோவைப் பகுதியில் பிறந்து, 1950களில் இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலும் கண்டியிலும் பணியாற்றிய பின்னரே நியூயோர்க் சென்றவர் என்று சொன்னால், நம்மவர்கள் தட்டின் உறையை இரண்டாம் முறை எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்து, கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் இணைந்த 'கின்ஸ்மென்' (2008). இரண்டு சக்ஸபோன்கள், இரண்டு இலக்கணங்கள்.

எலிங்டன் 1963இல் தமது குழுவுடன் கொழும்புக்கும் வந்தார் என்பதை அறிந்தவர்கள், அந்தப் பயணத்தில் பிறந்த 'ஃபார் ஈஸ்ட் சூட்'டைக் கேட்பார்கள். கேட்கட்டும். எனக்குப் பிடித்தது அதைவிடக் கரடுமுரடான 'மணி ஜங்கிள்'. 1962இல் 63 வயது எலிங்டன், 40 வயது மிங்கஸ், 38 வயது மக்ஸ் ரோச் ஆகிய மூவரும் ஒரே அறையில் மோதிக்கொள்ளும் தட்டு அது. நடுவில் மிங்கஸ் கோபித்துக்கொண்டு வெளியேற, எலிங்டன் சமாதானம் சொல்லி அழைத்து வந்தார் என்பர். அந்தக் கோபம் தந்திகளில் கேட்கிறது.

பிரதி எடுத்து வழங்குவதை நான் ஆதரிக்கவில்லை. கலைஞருக்கோ குடும்பத்தினருக்கோ சேர வேண்டியது சேரட்டும். இரவல் கொடுங்கள், வீட்டுக்கு அழைத்துப் போட்டுக் காட்டுங்கள். திரும்பி வராத தட்டுகளும் உண்டு. எனினும் எங்கள் ஊர் வெக்கையும் பூஞ்சணமும் கொண்டுபோவதைவிட அது மேல்.

பில் எவன்ஸ் மூவர் 1961 ஜூன் 25இல் வில்லேஜ் வான்கார்டில் வாசித்த பதிவை யாருக்கும் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புவேன். பியானோவை விட்டுவிட்டு ஸ்கொட் லஃபாரோவின் பேஸைப் பின்தொடருங்கள். இடையிடையே கிண்ணங்கள் உரசும், யாரோ பேசுவார்கள், சிரிப்பார்கள். பதினொரு நாட்களின் பின், ஜூலை 6இல், அந்த இளைஞர் கார் விபத்தில் இறந்தார். வயது 25.