அவனையும் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டுச் சில நாட்கள் கழிந்திருந்தன. பாடசாலை மண்டபமொன்றில் தங்கவைக்கப்பட்டிருந்த குடும்பங்களைப் பார்க்கச் சென்றிருந்தேன். லீக்ஸ் பாத்தியும் கரட் பாத்தியும் மண்ணோடு மண்ணாகிப் போன ஒரு தகப்பனார் என்னை ஒரு பக்கமாக அழைத்துச் சென்று, "சாமி, பெரியவனைக் கொழும்புக் கடைக்கு அனுப்பப் போறேன். ஆள் வந்து பேசிட்டுப் போயிருக்கு. முற்பணமும் தாறதா சொல்றாங்க" என்றார். பெரியவனுக்கு வயது 14. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். "தம்பி, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டேன். அவன் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். தகப்பன் சொன்னார்: "அவனுக்கு என்ன சாமி தெரியும்?"

அந்த மனிதரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வீடும் போய், பயிரும் போய், விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மாத்திரம் மிஞ்சி நிற்கும் ஒருவர் முதலில் எண்ணிப் பார்ப்பது எத்தனை வாய்களுக்குச் சோறு போட வேண்டும் என்பதைத்தான். ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. ஏனெனில் அது அவருடைய வார்த்தையல்ல. எங்கள் மக்களைப் பற்றி மற்றவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்த வார்த்தை.

எப்போது எழும்புவது என்பதைப் பிரட்டுத் தப்பு சொன்னது. எந்த மலையில் கொழுந்து பறிப்பது என்பதைக் கங்காணி சொன்னார். எந்த லயத்தில் குடியிருப்பது என்பதைத் துரை சொன்னார். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. மிகுதி 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறிய பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோரும் கேட்டிருக்கமாட்டார்கள். 1977 வன்செயலின் பின் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் கமக்காரர்களானோர் பின்னர் போரினால் மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் போகச் சொன்னவர்கள் போவதற்கு ஓர் இடத்தைக் காட்டவில்லை. போக இடமில்லாதவனிடம் "நீ ஏன் சரியான முடிவை எடுக்கவில்லை?" என்று கேட்பது எந்த விதத்தில் நியாயம்?

ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்று குறைப்படும்போது, யாரிடமிருந்து அவர்கள் அதைக் கற்றிருக்க முடியும் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். துரை எங்களுக்குச் செய்ததையே நாங்கள் வீட்டுக்குள் பிள்ளைகளுக்குச் செய்து வருகிறோம். கசப்பாக இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், வேலை வாங்கும்போது பிள்ளை பெரியவள். கருத்துச் சொல்லும்போது சின்னவள். தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன எத்தனையோ வீடுகளை நான் அறிவேன். அங்கே 13 வயதுப் பெண்பிள்ளை அரிசியை இரண்டு வேளைக்குப் பங்கிடுகிறாள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் நாட்டு மருந்தா ஆஸ்பத்திரியா என்று அவளே பார்க்கிறாள். தகப்பன் குடித்துவிட்டு வந்தால் தங்கையைப் பக்கத்துக் காம்பராவுக்கு அனுப்ப வேண்டுமா என்றும் அவளே யோசிக்கிறாள். ஒரு நாளில் அவள் எடுக்கும் முடிவுகளை ஒரு தோட்டத்துரை ஒரு வாரத்தில் எடுப்பதில்லை. ஆனால் அவளுடைய படிப்பை நிறுத்துவது பற்றிப் பேச்சு வரும்போது "உனக்கென்ன தெரியும், போய்த் தேத்தண்ணி ஊத்து" என்கிறோம்.

பருவ வயதினர் அவசரக்காரர்கள் என்பது உண்மைதான். முன்பின் யோசித்து நிதானிக்கும் ஆற்றல் 20 வயது கடந்த பின்னரும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்று இன்றைய மருத்துவ அறிவு சொல்கிறது. இதைக் காட்டி "அப்படியானால் நாங்களே முடிவெடுப்பதுதான் சரி" என்று சிலர் வாதாடலாம். 2005இல் மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்டைன்பேர்க் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு வேறொன்றைக் கற்பித்தது. கணினியில் வாகனம் ஓட்டும் ஒரு விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் தனியே ஓட்டியதைவிடக் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது மிகக் கூடுதலாக ஆபத்தைத் தேடிப் போனார்கள். வளர்ந்தவர்களிடம் அந்த வித்தியாசம் காணப்படவில்லை. கொழும்புக்கு ஆள் பிடிக்க வருகிறவருக்கு இந்த ஆய்வு தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் விஷயம் தெரியும். அவர் பையனைத் தனியே பார்ப்பதில்லை. விளையாட்டுத் திடலில் நாலைந்து பேராக நிற்கும்போதுதான் கைத்தொலைபேசியையும் சப்பாத்தையும் காட்டிப் பேசுகிறார். "இப்பவே சொல்லு" என்கிறார்.

ஆகவே நான் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இதைத்தான்: இப்பவே சொல் என்று எவன் கேட்டாலும் "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல். ஒரு இரவு தூங்கி எழும்பு. வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பார். பிறகு அந்த ஆளிடம் கேள்: என்ன வேலை, யாருடைய இடம், எங்கே படுப்பது, சம்பளம் யார் கையில், பிடிக்காவிட்டால் எப்படித் திரும்பி வருவது, முற்பணத்தை அப்போது யார் கட்டுவது? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் மழுப்புகிறவரோடு பேச வேறொன்றும் இல்லை.

சட்டத்தையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 16 வயது வரை கட்டாயக் கல்வி என்பது 2016 முதல் நடைமுறையிலுள்ளது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆக 2021இன் தொடக்கத்தில் உயர்த்தப்பட்டது. அதே வருடம் ஜூலையில்தான் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் உயிரிழந்தாள். மலையகமே தெருவுக்கு வந்து அழுதது. ஆகவே 14 வயதுப் பையனைக் கடைக்கு அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. யாராவது வற்புறுத்தினால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் 16 முடிந்த மறுநாள் அதே ஆள் அதே முற்பணத்தோடு வந்து நிற்பார். அன்றைக்குப் பையனுக்குப் பக்கத்தில் சட்டம் நிற்காது. இடையிலுள்ள இரண்டு வருடங்களில் அவனை நாம் என்ன பழக்கினோம் என்பதுதான் நிற்கும்.

எப்படிப் பழக்குவது? பெரிய விஷயங்களில் தொடங்க வேண்டாம். தற்காலிகக் கொட்டிலின் பக்கத்தில் பத்தடி மண் இருந்தால் அதை அவனிடம் கொடுங்கள். கீரை போடுவதா, போஞ்சி போடுவதா என்று அவனே தீர்மானிக்கட்டும். விற்ற காசு அவன் கையில் இருக்கட்டும். நட்டம் வந்தால் அதுவும் அவன் கையில் இருக்கட்டும். நட்டத்தை மறைத்து நாமே போட்டுக் கொடுத்தால் அவன் ஒன்றையும் படிக்கமாட்டான். கடன் எவ்வளவு, யாருக்கு, எப்போது கட்ட வேண்டும் என்பதைப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். தகப்பன் கணக்குப் பார்க்கும் விதத்தைப் பார்த்துத்தான் மகன் கணக்குப் பார்க்கிறான். தரம் 10இல் தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எதை எடுத்தது என்று பார்க்காமல், தனக்கு எது வருகிறது, உயர்தரத்தில் அதைக் கற்பிக்கும் பாடசாலை எங்கே இருக்கிறது, அங்கே போக பஸ் உண்டா என்று அவளையே விசாரித்து வரச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீள்குடியேற்றக் காணி பற்றிப் பேச அதிகாரிகள் வரும்போது கூட்டத்துக்கு ஆண்கள் மட்டும் போகிறார்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பாடசாலைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், மழைக்கு எந்த ஓடை பெருகும், எந்தப் பாதையில் பெண்பிள்ளைகள் தனியே போகப் பயப்படுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையும் இதைத்தான் சொல்கிறது: பிள்ளையைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும், அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். பிள்ளை சொல்வதை அப்படியே செய்ய வேண்டும் என்று அதில் இல்லை.

இந்தப் பாடத்தை நானும் பிந்தித்தான் படித்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்குத் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் அலைந்து திரிந்து இடம் வாங்கிக் கொடுத்தேன். வெல்டிங் வேலை. நல்ல எதிர்காலம் என்று எனக்குள் ஒரே பெருமை. மூன்றாம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வந்துவிட்டான். நன்றி கெட்டவன் என்று கோபப்பட்டேன். வெகு நாளைக்குப் பின் அவனே சொன்னான்: "எனக்கு நெருப்புன்னா பயம் சாமி. நீங்க கேக்கவே இல்லையே." லூக்கா நற்செய்தியில் 12 வயது இயேசுவை மூன்று நாள் தேடிக் கோவிலில் கண்டபோது தாய் மரியா முதலில் கேட்டது, "ஏன்?" என்ற கேள்வியைத்தான். அந்தப் பகுதியை எத்தனையோ தடவை பீடத்தில் வாசித்தவன் நான்.

மண்டபத்தில் பார்த்த அந்தத் தகப்பனோடும் மகனோடும் அன்று மாலை ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். வெகுநேரம் பையன் பேசவில்லை. பிறகு, "முற்பணத்த வாங்கிட்டா நான் வர நெனச்சாலும் வர ஏலாதுதானே அப்பா?" என்றான். தகப்பன் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை நான் போனபோது அந்த ஆள் மறுபடி வந்ததாகவும், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியதாகவும், முற்பணத்தை வாங்கவில்லை என்றும் சொன்னார். கடன் இன்னமும் அப்படியேதான் இருக்கிறது. பையன் பாடசாலைக் கொப்பிகள் கேட்டான். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.