செவலையின் ரத்தம்

பாளையங்கோட்டையில் நமது நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. செந்நிறமாதலால் செவலை என்று பெயர். ஜாதி, வம்சம் என்று சொல்லிக் கொள்ள ஒன்றும் கிடையாது. ஐந்து வருஷங்களுக்கு முன் சுலோசன முதலியார் பாலத்துக்கருகே மழையில் நனைந்து கொண்டிருந்த குட்டியை நண்பரின் மகன் சட்டைக்குள் போட்டுக் கொண்டு வந்து விட்டான். அன்று முதல் அது அந்த வீட்டு நபர்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் செவலை சோற்றை முகர்ந்து பார்த்து விட்டுத் திரும்பிப் படுத்துக் கொண்டது. மறுநாள் மாடிப்படியில் பாதி ஏறி, நின்று, இளைத்தது. மூன்றாம் நாள் அதன் மூத்திரம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போயிற்று. பையன் உதட்டைத் தூக்கிப் பார்த்தான். செவலை என்று பெயர் பெற்ற பிராணியின் ஈறுகள் சுண்ணாம்புச் சுவர் போல் வெளுத்திருந்தன. கண்ணின் வெள்ளையிலே மஞ்சள் படர்ந்திருந்தது.

"காமாலைதாம்லே! கீழாநெல்லியை அரைச்சு மோருல கலந்து குடு" என்றாள் ஆச்சி.

ஆச்சி சொன்னதில் பாதி சரி. மஞ்சள் கண்டது மெய்தான்; ஆனால் குற்றம் ஈரலுடையது அன்று. உடைந்து சிதைந்த சிவப்பணுக்களின் சாயம் அளவுக்கு மீறிச் சேர்ந்து விட்டதால் வந்த மஞ்சள் அது. நாட்டு மருந்துகளில் நமக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் ஈறு வெளுத்த நாய்க்கு வீட்டில் எந்தக் கஷாயமும் கொடுத்துப் பார்த்துக் கொண்டிருக்க நேரமில்லை. அன்று காலையிலேயே வாடகைக் கார் வைத்துக் கொண்டு மிருக வைத்தியரிடம் சென்றார்கள். நாமும் உடன் போனோம்.

வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி நம்மைத் திடுக்கிட வைத்தது. "நாய்க்கு வெங்காயம் போட்ட சாதம் கொடுப்பதுண்டா?" என்றார். நம் வீடுகளில் மிஞ்சிய சாம்பார் சாதம் எங்கே போகிறது என்பது நேயர்களுக்குத் தெரியும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை நேரே சிதைக்க வல்லவை. மனிதர் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையும் அப்படியே. இந்தக் காரணங்களை முதலில் விலக்கிக் கொண்டுதான் மேலே போக வேண்டுமாம். பிறகு அவர் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, உப்புநீர் சேர்த்து, மெல்ல ஆட்டிக் காட்டினார். நல்ல ரத்தமானால் நீரில் ஒரே சீராகக் கலந்திருக்க வேண்டும். செவலையின் ரத்தமோ திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாகக் கூடி நின்றது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 37 முதல் 55 வரை இருப்பது நாய்க்கு இயல்பு. செவலைக்கு 13 இருந்தது.

வியாதியின் தன்மை இது. நாயின் சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 110 நாள் உயிர் வாழும். கிழண்டு போனவற்றை மண்ணீரல் ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டும். எலும்பு மஜ்ஜை புதியவற்றை அனுப்பிக் கொண்டிருக்கும். இந்த வியாதியிலே, வெளியிலிருந்து வரும் கிருமிகளை அடையாளங் கண்டு ஒழிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தன் சொந்தச் சிவப்பணுக்களையே பகைவர் என்று முத்திரை குத்தி விடுகிறது. முத்திரை விழுந்த அணுக்களை மண்ணீரலும் ஈரலும் கூட்டங் கூட்டமாக அழிக்கின்றன. மஜ்ஜை விழித்துக் கொண்டு புது அணுக்களைத் தாராளமாக அனுப்ப மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது.

சரீரம் தன்னைத் தானே தாக்கிக் கொள்ளாது, அதற்கு அஞ்சும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் கருதினார். அந்த நம்பிக்கை பிறகு தகர்ந்தது. முத்திரை குத்தப்பட்ட அணுக்களைக் கண்டுபிடிக்கும் சோதனையை 1945-ல் இங்கிலாந்தில் கூம்ப்ஸ் என்பவரும் இரு நண்பர்களும் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் பிரசவ ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளின் ரத்தத்துக்குச் செய்யும் சோதனை அது. அந்தக் கூம்ப்ஸ் எடின்பரோவில் மாடும் குதிரையும் நாயும் பார்க்கும் மிருக வைத்தியம் படித்துத் தேறியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மாட்டு வைத்தியர் என்று ஏளனமாகப் பேசும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறோம்.

எதிர்ப்புச் சக்தி இப்படிப் புத்தி மாறுவதற்குக் காரணம் என்ன? பல நாய்களில் காரணமே தெரிவதில்லை. ஆனால் நம் பக்கத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணி. இதிலே தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய சம்பந்தமும் உண்டு. சென்னையில் வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைச் சங்கம் ஒன்று வைத்து நாய்கள் வளர்த்து வந்தார்கள். அந்த நாய்களின் ரத்தத்தில், சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருக்கும் நுண்ணுயிர் ஒன்றை 1910-ல் பாட்டன் என்பவர் முதன் முதலாகக் கண்டு எழுதினார். பின்னர் அதே உயிரைக் குள்ளநரியின் ரத்தத்திலும் கண்டார். பபேசியா கிப்ஸோனி என்று அதற்கு இன்று பெயர். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியை 1935-ல் அல்ஜீரியாவில் கண்டுபிடித்தார்கள். சரீரம் தன்னைத் தாக்காது என்று சொன்ன அதே எர்லிக்கின் பெயர்தான், விதியின் விளையாட்டாக, அந்தக் கிருமிக்கு வாய்த்தது.

செவலையின் ரத்தத்தில் பபேசியா இல்லை; எர்லிக்கியா இருந்தது. அதற்கு டாக்ஸிசைக்கிளின் மருந்து 28 நாள். எதிர்ப்புச் சக்தியை அடக்க பிரட்னிசோலோன் என்ற ஸ்டிராய்டு. கிருமியைத் தேடிப் பாராமல் ஸ்டிராய்டை மட்டும் கொடுப்பது, வீட்டுக்குள் திருடனை வைத்துக் கொண்டு காவற்காரனுக்குத் தாலாட்டுப் பாடுவது போலாகும் என்றார் வைத்தியர். ரத்தம் குழாய்களில் உறைந்து நுரையீரலை அடைப்பது இந்த வியாதியில் பெரிய யமன் என்பதால், உறையாமலிருக்கவும் ஒரு மாத்திரை கொடுத்தார்.

பிறகு அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். ஆராய்ச்சிகளில் எழுதப்பட்டிருக்கும் கணக்குப்படி, இந்த வியாதி கண்ட நாய்களில் நூற்றுக்கு 30 முதல் 70 வரை இறந்து போகின்றன. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். செலவும் கொஞ்ச நஞ்சமல்ல. "யோசித்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்" என்றார். நண்பர் மாதச் சம்பளக்காரர். அவர் மகனைப் பார்த்தார். மகன் நாயைப் பார்த்துக் கொண்டிருந்தான். அந்த ஒரு நிமிஷம் நாம் அங்கே இல்லாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. வசதியின்மையால் அந்த இடத்தில் "வேண்டாம்" என்று சொல்ல நேர்ந்த குடும்பங்களும் உண்டு. அவர்களை அன்பற்றவர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது.

நண்பர், "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார்.

உடனே வேண்டியது ரத்தம். மஜ்ஜை விழித்தெழும் வரை அந்த நாலைந்து நாளைக் கடத்த வேறு உபாயம் இல்லை. சென்னை வேப்பேரி மிருக வைத்தியக் கல்லூரியில் நாய்களுக்கென்றே ரத்த வங்கி உண்டு. ஆனால் நெல்லையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பதின்மூன்றில் நிற்கும் நாய் அந்தப் பிரயாணத்தைத் தாங்காது. உள்ளூரிலேயே ஒரு நாய் வேண்டும். 25 கிலோவுக்குக் குறையாத எடை, ஒன்று முதல் எட்டு வயது, நல்ல ஆரோக்கியம், உண்ணிக் கிருமிகள் இல்லையென்று சோதித்த ரத்தம். இவ்வளவும் பொருந்திய பிராணியை மத்தியான்னத்துக்குள் எங்கே தேடுவது?

நண்பர் மனைவிக்குத்தான் நினைவு வந்தது. இரண்டு தெரு தள்ளி ஓர் அண்ணாச்சி வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் வளர்க்கிறார். தபால் இலாகாவார் 2005-ல் நமது தேசத்து நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இமயமலைக் காவல் நாய், ராம்பூர், முதோல் இவற்றோடு இடம் பெற்றதே, அந்த ஜாதி. அண்ணாச்சிக்கும் நண்பர் வீட்டாருக்கும் குழாய்த் தண்ணீர் விஷயமாகச் சிறிது மனஸ்தாபம் இருந்து வந்தது. அம்மாள் அதையெல்லாம் பாராட்டாமல் படியேறினாள்.

"அண்ணாச்சி, எங்க செவலைக்கு ரத்தம் வேணுமாம். உங்க நாய்கிட்ட கொஞ்சம் எடுத்துக்கிடலாமா?"

அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று. "எடுத்தா இதுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

ஒன்றும் ஆகாது. அந்த அளவுள்ள நாயிடம் 450 மில்லி வரை ஒரு தடவை எடுக்கலாம். சில வாரத்தில் ஊறி விடும். செவலை 14 கிலோதான்; அதற்கு இருநூறு மில்லிக்குச் சற்று மேல் போதும் என்றார் வைத்தியர். இருவர் ரத்தத்தையும் கலந்து பொருத்தம் பார்த்து, ராஜபாளையத்தின் கழுத்தோரம் மயிரை வழித்து எடுத்தார். அண்ணாச்சி அதன் தலையைத் தம் மடியில் வைத்துக் கொண்டு ஏதோ காதில் சொல்லிக் கொண்டேயிருந்தார். ஓர் உயிரின் ரத்தத்தை வேறோர் உயிருக்கு ஏற்றும் வித்தையே நாயில்தான் முதலில் வெற்றி பெற்றது. 1665-ல் ஆக்ஸ்போர்டில் ரிச்சர்டு லோயர் செய்து காட்டினார். மனித ஜாதி நாய்களுக்குப் பட்டிருக்கும் கடனில் இதுவும் ஒன்று.

அன்றிரவு 21. மூன்றாம் நாள் மறுபடி 16. வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறாம் நாள் 19. பத்தாம் நாள் 24. ஐந்து வாரங் கழித்து 38. செவலை படியேறி மாடிக்குப் போய்க் காக்கையைப் பார்த்துக் குரைத்த செய்தியை நண்பர் நமக்கு டெலிபோனில் சொன்னார். காங்கிரஸ் மகாசபைத் தீர்மானத்தைக் கூட அவர் அவ்வளவு உற்சாகமாகப் படித்துக் காட்டியிருக்க மாட்டார்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். நாய் தேறி விட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்தி விடுகிறார்கள். ஸ்டிராய்டைத் திடீரென்று நிறுத்தினால் வியாதி திரும்பலாம். அதோடு சரீரம் தானே சுரக்க மறந்திருக்கும் சுரப்பு இல்லாமல் நாய் துவண்டு விழவும் கூடும். இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை ரத்தம் பார்த்து, நாலில் ஒரு பங்காகக் குறைத்துக் கொண்டு வர வேண்டும். மூன்று மாதம், ஆறு மாதம் கூட ஆகும். ஸ்டிராய்டு ஒன்றுக்கே அடங்காத நாய்களுக்கு மைக்கோபினோலேட், சைக்ளோஸ்போரின் போன்ற வேறு மருந்தும் சேர்க்கிறார்கள்.

அந்த மாதங்கள் சுலபமானவை அல்ல. ஸ்டிராய்டு தின்னும் நாய்க்குப் பகாசுரப் பசி. செவலை பூஜைக்கு வைத்த தேங்காயைத் தின்றது. ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியையும் விட்டு வைக்கவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்து இரவில் கூடத்திலேயே போய் விடும். பையன் அலாரம் வைத்துக் கொண்டு நடுநிசியில் எழுந்து வெளியே கூட்டிப் போவான். தொடைச் சதை வற்றி, வயிறு பானை போலாயிற்று. கீழாநெல்லியை மறுத்ததில் கோபித்துக் கொண்டிருந்த ஆச்சிதான், ஒரு வார்த்தை பேசாமல், காலை ஐந்து மணிக்குக் கூடத்தைக் கழுவினாள். நாலாம் மாதம் ஒரு தடவை கணக்கு 30-க்கு இறங்கியது. மருந்தை மறுபடி கூட்டினார்கள். மறுபடி ஏறியது.

நம் ஜில்லாவில் இத்தகைய வைத்தியத்துக்கு முன்போல் மதுரைக்கோ சென்னைக்கோ ஓட வேண்டியதில்லை. ராமையன்பட்டியில் அரசாங்க மிருக வைத்தியக் கல்லூரி 2012-லிருந்து நடந்து வருகிறது. ஆனால் எந்த ஆஸ்பத்திரியும் நம் வீட்டுச் சுவரில் உண்ணி பார்க்க வராது. நாயின் மேல் தென்படும் உண்ணி சொற்பம். பெண் உண்ணி ரத்தம் குடித்து இறங்கிச் சுவர் வெடிப்பிலும் நாய்ப்படுக்கையின் மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பட்டினியாகவே பல மாதம் காத்திருக்கும். தாமிரபரணிக் கரையில் வெப்பமும் ஈரமும் சேர்ந்திருப்பதால் அதற்கு ஓய்வு மாதம் என்று ஒன்று இல்லை. வெடிப்பைப் பூசி, வைத்தியர் சொல்லும் உண்ணி மருந்தை வருஷம் முழுதும் தவறாமல் கொடுப்பதற்கு ஆகும் செலவு, செவலைக்கு ஆனதில் ஒரு சிறு பங்கு கூட இராது.

அண்ணாச்சி இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார். பாளையங்கோட்டையில் 25 கிலோவுக்கு மேற்பட்ட நாய் யார் யார் வீட்டில் இருக்கிறது, வயது என்ன, கடைசியாக ரத்தம் சோதித்தது எப்போது என்று அவரும் நண்பரும் மாலையில் வீடு வீடாகப் போய் எழுதுகிறார்கள். இதுவரை ஒன்பது பெயர் சேர்ந்திருக்கிறது. முதல் பெயர் ராஜபாளையத்துடையது. குழாய்த் தண்ணீர் வழக்கு என்னவாயிற்று என்று நாம் கேட்கவில்லை.

செவலைக்குச் சென்ற வாரம் மாத்திரை அடியோடு நின்றது. பையன் இன்னும் தினம் காலையில் அதன் உதட்டைத் தூக்கி ஈறு பார்க்கிறான். அது பழக்கமாகி, அவன் கிட்டே வந்தாலே தானாக வாயைத் திறந்து காட்டுகிறது.