பின்னாடி எப்படிடா இருக்கும்?

ஃபர்ஸ்ட் இயர்ல வெச்ச இன்ஜினீயரிங் டிராயிங் அரியரை இன்னும் தூக்கிட்டு அலையறீங்களா? கையைக் கொடுங்க, நானும் உங்க செட்டுதான். அந்தப் பேப்பரை எனக்குப் புரிய வெச்சது லெக்சரரும் இல்லை, நோட்ஸும் இல்லை. ஒரு ஃப்ராக்!

என் தங்கச்சி அஞ்சாவது படிக்கிறா. ஸ்கூல்ல மாறுவேடப் போட்டி. புத்தக அட்டையில இருக்கிற யாராவது ஒருத்தர் மாதிரி வரணுமாம். அவ கையில 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்'. எங்க அம்மா டெய்லர்தான். ஆனா தீபாவளி ஜாக்கெட் மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. "வாடகைக்கு எடுக்கக் காசில்ல. இன்ஜினீயர்தானே, நீயே தை"னு கால் மிஷினை என் பக்கம் தள்ளிட்டாங்க.

அட்டையில நீல ஃப்ராக், வெள்ளை ஏப்ரன், பஃப் கை. இவ்வளவுதானேனு நினைச்சேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "பின்னாடி எப்படிடா இருக்கும்?"

செம பல்பு! அட்டையில இருக்கிறது ஃப்ரன்ட் வியூ மட்டும்தான். 1865-ல் வந்த முதல் பதிப்பின் போட்டோவைத் தேடிப் பிடிச்சேன். சிவப்புத் துணி அட்டையில், தங்க நிறத்தில் ஆலிஸ் ஒரு பன்றிக்குட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறா. பின் அட்டையிலாவது முதுகு தெரியுமான்னு பார்த்தா, அங்கே பூனை சிரிக்குது!

ஆக, முதுகை நாமதான் கண்டுபிடிக்கணும். தங்கச்சி கழுத்து 11 இன்ச், தலைச் சுற்றளவு 20 இன்ச். படத்தில் இருக்கிற மாதிரி கழுத்தை ஒட்டித் தைச்சா தலை எப்படி நுழையும்? முதுகுல திறப்பு விட்டு ஹூக் வெச்சே ஆகணும். ஓவியருக்கு இந்தக் கவலையே இல்லை, தைக்கிறவனுக்கு உண்டு.

அடுத்தது கை. வட்டமான கையைத் தட்டையான துணியில் எப்படி வெட்டுறது? அம்மா நியூஸ் பேப்பரில் மலை மாதிரி ஒரு வளைவு வரைஞ்சாங்க. பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு. சாய்வா வெட்டின சிலிண்டரை விரிச்சா அலை மாதிரி ஒரு கோடு வருமே, 'டெவலப்மெண்ட் ஆஃப் சர்ஃபேஸஸ்'. அதேதான்! மனப்பாடம் பண்ணிக் கோட்டை விட்ட கணக்கை, எட்டாவதோட நின்ன அம்மா சாக்பீஸ்ல போட்டுட்டுப் போறாங்க. பஃப் வேணும்னா அந்தப் பேப்பரைக் கீறி, நடுவில் இடைவெளி விட்டு விரிச்சு வெட்டணும். கூடுதல் துணியைச் சுருக்கு வெச்சு இழுத்தா கை உப்பிக்கும்.

தலைக்கனத்தோட உடம்புப் பகுதியை நானே வெட்டினேன். தையலுக்குத் துணி விடலை! ரெண்டு பக்கத் தையல், நாலு ஓரம், ஒவ்வொண்ணுக்கும் அரை இன்ச். மொத்தம் ரெண்டு இன்ச் காலி. தங்கச்சியால மூச்சே விட முடியலை. அம்மா திட்டலை. மிச்சத் துணியில் ரெண்டு பட்டி வெட்டி, அக்குளுக்குக் கீழே ஒட்டுப் போட்டாங்க. ஏப்ரன் போட்டா யாருக்கும் தெரியாது.

நிஜப் பிரச்னை வேற. வீட்டில் மிச்சம் கிடந்த பாப்ளின், மஞ்சள் கலர். "ஆலிஸ்னா ப்ளூண்ணா! எல்லாரும் சிரிப்பாங்க"ன்னு ஒரே அழுகை. புதுத் துணி வாங்கலாம்னா, அந்த வாரம் அம்மாகிட்ட கேக்க எனக்கு வாய் வரலை.

ராத்திரி உட்கார்ந்து தேடினேன். ஜான் டென்னியல் முதலில் வரைந்த ஆலிஸ் படங்கள் கறுப்பு வெள்ளை. நம்ம மனசுல நீலம் ஒட்டிக்கிட்டதில் 1951-ல் வந்த டிஸ்னி கார்ட்டூனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா 1890-லேயே சின்னக் குழந்தைகளுக்காக 'தி நர்சரி ஆலிஸ்'னு ஒரு புத்தகம் வந்திருக்கு. டென்னியலின் 20 படங்கள், கலரில். அதில் ஆலிஸ் ஃப்ராக் என்ன கலர் தெரியுமா? மஞ்சள்!

போட்டியன்னிக்கு ஒரு வாண்டு கேட்டுச்சு, "ஆலிஸ்னா ப்ளூதானே?" தங்கச்சி இடுப்பில் கை வெச்சுக்கிட்டுச் சொன்னா: "அது சினிமா ஆலிஸ். நான் 1890 ஆலிஸ்!" பரிசு என்னவோ நரி வேஷம் போட்ட பையனுக்குத்தான் போச்சு. ஆனா அவ அந்த ஃப்ராக்கைக் கழட்ட ராத்திரி ஆச்சு.

நீங்களும் ஒரு அட்டையைப் பார்த்துத் தைக்க ஆசைப்பட்டா, மூணே விஷயம். முதல்ல முதுகை வரைங்க. பழைய நியூஸ் பேப்பரில் வெட்டிப் போட்டுப் பாருங்க. தையலுக்குத் துணி விட மறக்காதீங்க. கலர் உங்க இஷ்டம்!

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ஃப்ராக் கீழ்ப்பக்கம் அம்மா ரெண்டு மடிப்பு வெச்சுத் தைச்சிருக்காங்க. "வளர்ற பிள்ளை, அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்." அந்தக் காலத்து இங்கிலாந்து அம்மாக்களும் பிள்ளைங்க ஃப்ராக்கில் இதையேதான் செஞ்சிருக்காங்க. இது எந்த அட்டையைப் பார்த்தும் கத்துக்க முடியாது.

அரியர் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? இந்தத் தடவை கை வளைவை நினைச்சுக்கிட்டே வரைஞ்சிருக்கேன். ரிசல்ட் வரட்டும், சொல்றேன்!