உருகுவது யார், சம்பாதிப்பது யார்?

"சாமையைப் பற்றிப் பேசாதீர்கள், அதை உரலில் இடிக்கும் மலைவாழ் மூதாட்டியைப் பற்றிப் பேசுங்கள். மனசு உருகினால் பர்ஸ் தானாகத் திறக்கும்" என்று வணிக ஆலோசகர்கள் வகுப்பெடுக்கிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த உருக்கத்தில் மூதாட்டியின் பங்கு எவ்வளவு?

திருப்பத்தூரை ஒட்டிய ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலும் நெல்லிவாசல்நாட்டிலும் மலையாளிப் பழங்குடியினர் மானாவாரியாகச் சாமை விதைக்கிறார்கள். அறுவடையோடு வேலை முடிவதில்லை. கெட்டியான உமியை நீக்கியாக வேண்டும். மில்லில் அதிகம் தீட்டினால் அரிசி வெளுக்கும், தவிட்டுச் சத்து போய்விடும். தீட்டாமல் விட்டால் தவிட்டிலுள்ள எண்ணெயால் சீக்கிரமே காறல் வாடை அடிக்கும். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது இதுதான். மூதாட்டி படத்தை அச்சிட்டுவிட்டு, தீட்டியதா தீட்டாததா என்ற ஒரு வரியை மறைத்தால் அது கதையல்ல, கண்கட்டு வித்தை.

கதை சொல்லி வென்ற அமுலைப் பாருங்கள் என்பார்கள் அந்த ஆலோசகர்கள். பார்ப்போம். 1966 முதல் அதன் விளம்பரங்களில் பேசிவரும் குட்டிப் பெண்ணின் ஆயுதம் கிண்டல், பரிதாபம் அல்ல. அவளுக்குப் பின்னால் 1946இல் தொடங்கிய கூட்டுறவு இருக்கிறது. கொழுப்பை அளந்து பாலுக்குக் காசு கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. கதையும் கல்லாப்பெட்டியும் உற்பத்தியாளர் கையில்.

கதை சொல்லுங்கள், தாராளமாக. மலையில் கொடுத்த கொள்முதல் விலையையும் அதே பாக்கெட்டில் அச்சிடுங்கள். அதைப் படித்த பிறகும் வாடிக்கையாளர் உருகினால் ஒத்துக்கொள்கிறேன்.