வீட்டுக் காவலுக்கா பெற்றோர்?



பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோரை ஊரிலிருந்து மும்பைக்கும் பெங்களூருக்கும் அழைத்துக்கொள்கிறோம். ஊரிலுள்ள வீட்டையும் நம் பெயருக்கு எழுதி வாங்கிவிடுகிறோம். பிள்ளை பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும், அவர்கள் மகன்களிடையே மாத முறைக்கு உரியவர்களாகிவிடுகின்றனர். பாஷை தெரியாத பட்டணத்தில், பூட்டிய கதவுக்குள் அவர்கள் பகல் கழிகிறது.

முதியோரைக் காக்க 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கைவிடப்பட்டோர் தீர்ப்பாயத்தை நாடி, மாதம் 10,000 ரூபாய் வரை கோர அது வழிசெய்தது. பராமரிக்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால், 23-ஆம் பிரிவின்படி திரும்பப் பெறவும் இடமுண்டு. ஆகவே பெற்றோரே, எழுதிக்கொடுப்பதாயின் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

பிள்ளைகளே, சட்டம் ஆகாரத்திற்கு வழிசெய்யும், கனத்தைக் கொடுக்காது. பெற்றோருக்கு உதவவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லி விலகியவர்களை இயேசு கடிந்துகொண்டார். வாடகையும் பள்ளிக் கட்டணமும் இன்று நமது கொர்பான் ஆகலாமா? வீட்டில் எடுக்கும் அடுத்த தீர்மானத்திற்கு முன், அவர்கள் அருகில் அமர்ந்து ஆலோசனை கேளுங்கள். இன்றிரவு குடும்ப ஜெபத்தை அவர்களே நடத்தட்டும்.